மெலிந்த குழலுக்குப் பெரிய ஃபிளின்ட்லாக் பொருந்துமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் இருப்பது பென்சில்வேனியாவில். கையில் 42 அங்குல நீள எண்கோணக் குழல் இருக்கிறது. அடி முதல் நுனி வரை ஒரே பருமன், 13/16 அங்குலம். காலிபர், அதாவது குழல் துவாரத்தின் விட்டம், .40 அங்குலம். மேப்பிள் கட்டையும் வாங்கியாயிற்று. லான்காஸ்டர் நகரத்துத் துப்பாக்கி ஆசாரி ஜேக்கப் டிக்கர்ட் 1780களில் செய்ததைப் போல ஒரு லாங்ரைஃபிள் (நீளக் குழல் துப்பாக்கி) செய்ய ஆசை. சக்கிமுக்கிக் கல்லால் மருந்தைப் பற்றவைக்கும் ஃபிளின்ட்லாக், சுருக்கமாக லாக், மட்டும்தான் பாக்கி. சைலர் என்ற லாக் வகையில் பெரியதை வாங்குவதா சிறியதை வாங்குவதா என்று குழப்பம். தெரிந்தவர் ஒருவர் "பெரியதையே வாங்கு, பொறி நன்றாகப் பறக்கும்" என்றாராம்.

இந்தக் குழலுக்குச் சிறிய லாக்தான் சரி. ஆனால் சிறிய லாக்கைப் போட்டால் துப்பாக்கி டிக்கர்ட் செய்தது மாதிரி இருக்காது. பெரியதைப் போட்டாலும் இருக்காது. சிக்கல் லாக்கில் இல்லை. நீங்கள் வாங்கிய குழலும் நீங்கள் விரும்பும் பாணியும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

அதற்குள் போகும் முன் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் 1968 கூட்டாட்சிச் சட்டம் இந்த வகை ஃபிளின்ட்லாக் நகல்களைப் பழங்கால ஆயுதம் என்று தனியாக வைக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: அங்கே 1959 ஆயுதச் சட்டப்படி வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியும் துப்பாக்கிதான். உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். இதை வரலாறாகவும் மரவேலையாகவும் மட்டும் படியுங்கள்.

லாக் என்பது கட்டையின் பக்கவாட்டில் பதியும் முழு இயக்க அமைப்பு. ஒரு இரும்புத் தட்டு. அதன் வெளிப்பக்கம் சக்கிமுக்கிக் கல்லைத் தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் காக், கல் உரசும் ஃபிரிசன் என்ற எஃகுத் துண்டு, பற்றுமருந்து போடும் கிண்ணம். உட்பக்கம் மெயின் ஸ்பிரிங், காக்கோடு சேர்ந்து சுழலும் டம்ளர், அதைப் பிடித்து வைக்கும் சியர். கிண்ணத்தில் பற்றும் நெருப்பு குழலின் பக்கத்தில் உள்ள சிறு துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கிறது. ஆக, கிண்ணம் அந்தத் துளைக்கு நேரே நின்றாக வேண்டும். லாக் எங்கே உட்கார வேண்டும் என்பதைத் துளை தீர்மானிக்கிறது, துளை எங்கே வரும் என்பதைக் குழலின் அடிப்பக்கம் தீர்மானிக்கிறது. காலிபருக்கு இதில் பங்கு மிகக் குறைவு. ".40க்கு எந்த லாக்" என்று கேட்பவர்கள் அதிகம். ".40 குழலின் அடிப்பக்கம் எத்தனை அங்குலம்" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். குழலின் அடிப்பக்கத்தைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி முழு அளவில் வரையுங்கள். துளை பக்கத் தளத்தின் நடுவில் வரும், அதாவது குழலின் மையக்கோட்டில். கிண்ணத்தின் மேல்விளிம்பும் ஏறக்குறைய அதே மட்டம். மையக்கோட்டுக்குக் கீழே என்னென்ன அடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதலில் குழலின் பாதி. அதன் கீழே ஒரு மெல்லிய மரச் சுவர், 1/8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதன் கீழே திணிகோல் (குழல்வாய் வழியாக மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளும் கோல்) போகும் துளை, வழக்கமாக 3/8. அதற்கும் கீழே கட்டையின் அடித்தோல், இன்னொரு 1/8.

அடிப்பக்கம் ஓர் அங்குலம் உள்ள குழலுக்குக் கூட்டினால் 1/2, 1/8, 3/8, 1/8, மொத்தம் 1 1/8 அங்குலம். உங்கள் 13/16 குழலுக்கு முதல் எண் 13/32 ஆகிவிடும். மொத்தம் 1 1/32, அதாவது ஓர் அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். வித்தியாசம் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். இப்போது லாக்கை வைத்துப் பாருங்கள். கிண்ண மட்டத்திலிருந்து தட்டின் கீழ்விளிம்பு வரை 7/8 அங்குலம் இருக்கிறது என்று கொள்வோம். ஓர் அங்குலக் குழலில் தட்டுக்குக் கீழே கால் அங்குல மரம் மிஞ்சும். உங்கள் குழலில் 5/32 மிஞ்சும். கட்டையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது, உருண்டு வளையும். அந்த வளைவு தொடங்குகிற இடத்தில்தான் தட்டின் விளிம்பு வந்து நிற்கும். லாக்கைச் சுற்றி ஒரே அகலத்தில் ஓட வேண்டிய மரக்கரை கீழே கூர்ந்து காணாமல் போகும். நல்ல லாங்ரைஃபிளில் கண் முதலில் போவது அந்தக் கரைக்குத்தான். அது கெட்டால் எவ்வளவு செதுக்கு வேலை செய்தாலும் துப்பாக்கி கனத்துத் தெரியும். சிறிய லாக்கில் இதே அளவு முக்கால் அங்குலம் என்றால் கால் அங்குலத்துக்கு மேலே மரம் கிடைக்கிறது.

இந்த எண்கள் உதாரணத்துக்கு. லாக்குக்கு லாக் மாறும், வார்ப்புக்கு வார்ப்பும் கொஞ்சம் மாறும். விற்பவரிடம் தட்டின் நீளத்தை மட்டும் கேட்காதீர்கள், உயரத்தைக் கேளுங்கள். நீளம் ஏமாற்றும். பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்டு கவுண்டியில் 19ஆம் நூற்றாண்டில் செய்த ரைஃபிள்களைப் பார்த்தால் புரியும். லாக் தட்டுகள் நீளமானவை, ஆனால் ஒடுக்கமானவை. துப்பாக்கியும் அதற்கேற்ப ஒல்லி. கைக்கு அடக்கமாக, அவ்வளவு அழகு.

அடுத்து அகலம். இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் கட்டையைக் குடைந்த பிறகுதான் இது தெரியவரும். மெயின் ஸ்பிரிங் தட்டின் உட்பக்கம், கீழ்விளிம்பை ஒட்டி ஓடுகிறது. அதே உயரத்தில் நடுவில் திணிகோல் துளை வருகிறது. குழலின் பக்கத் தளத்துக்கும் திணிகோல் துளையின் ஓரத்துக்கும் நடுவே எவ்வளவு இடம்? ஓர் அங்குலக் குழலில் பாதி 1/2, அதில் துளையின் பாதி 3/16 போனால் 5/16. உங்கள் குழலில் 13/32இலிருந்து 3/16 போனால் 7/32. தட்டுக்கும் குழலுக்கும் நடுவே தட்டின் தடித்த மேல்பகுதி, போல்ஸ்டர் என்பார்கள், அது கொஞ்சம் கூடுதல் இடம் தரும். அப்படியும் பெரிய லாக்கின் அகலமான ஸ்பிரிங் திணிகோல் துளைக்குள் எட்டிப் பார்க்கும். கோல் உள்ளே போகும்போது ஸ்பிரிங்கில் இடிக்கும். அந்தக் கால ஆசாரிகள் கோலை நுனி நோக்கிச் சீவி மெலிதாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. துளையும் கட்டையின் உள்ளே அடிப்பக்கம் போகப் போகச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்தால் நல்லது, குழலுக்குக் கீழே மரம் கூடும்.

அந்தக் கூடுதல் மரம் இன்னொன்றுக்கும் தேவை. லாக்கைக் கட்டையோடு பிடிக்கும் முன் திருகு குழலுக்கும் திணிகோலுக்கும் இடையில்தான் குறுக்கே போகும். இன்று வழக்கமான 8-32 திருகின் விட்டமே 1/8 அங்குலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். 1/8 மரச் சுவரில் அது எப்படிப் போகும்? ஒன்று குழலின் அடியில் சின்னப் பள்ளம் அராவ வேண்டும், அல்லது திணிகோல் துளையின் கூரையை லேசாகத் தொட விட வேண்டும். இரண்டும் பழைய துப்பாக்கிகளில் உண்டு. குழலை அராவுவது எனக்குப் பிடிக்காது, மெல்லிய குழலில் இன்னும் பிடிக்காது. சிறிய லாக்கில் முன் திருகை வைக்க இடம் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும்.

சரி, அப்படியானால் சிறிய லாக்கில் வம்பே இல்லையா? இருக்கிறது. குழலின் பின்வாயை மரை போட்ட ஒரு மூடி அடைக்கிறது. அந்த மரை உள்ளே அரை அங்குலத்துக்குக் குறையாமல் போகும் என்று வையுங்கள். பற்றுத்துளை மூடியின் முகத்துக்கு முன்னால் வர வேண்டும், மரையின் மேலே வரக்கூடாது. துளையில் கால் அங்குல விட்டமுள்ள லைனர் என்ற துளையுள்ள உள்செருகி போடுவதானால் அதன் பாதி 1/8. ஆக, குழலின் பின்முனையிலிருந்து துளையின் நடு குறைந்தது 5/8 அங்குலம் முன்னால். கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டுமானால் கிண்ணத்தின் பின்னால் எழும் சிறு தடுப்புச் சுவர் குழலின் பின்முனையோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சிறிய லாக்கில் அந்தச் சுவருக்கும் கிண்ணத்தின் நடுவுக்கும் உள்ள தூரம் குறைவு. துளைக்கு நேரே கிண்ணத்தை வைத்தால் சுவர் பின்முனைக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும். 1/8 அங்குலம் தள்ளி நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள், பழைய துப்பாக்கிகளே அப்படி இருக்கின்றன. அதற்கு மேல் போனால் உறுத்தும். அதைச் சரிசெய்ய மூடியின் மரையைக் குறைக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். வெடிப்பின் முழு அழுத்தத்தையும் தாங்கும் இடம் அது. குழல் செய்தவரிடம் மரை எவ்வளவு ஆழம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேவையென்றால் மூடி வேலையை அனுபவமுள்ள துப்பாக்கிக் கொல்லரிடம் கொடுங்கள்.

விரலால் இழுத்துச் சுடும் விசைக்கு வருவோம். சிறிய லாக்கில் சியரின் கை கிண்ணத்துக்கு அருகே இருக்கும், அதனால் விசையும் அதனோடு முன்னால் நகரும். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளத்தை உங்கள் கைக்கு ஏற்ப, சராசரி உயரமுள்ளவருக்கு 13 1/2 அங்குலம் அளவில், முதலில் முடிவு செய்வீர்கள் அல்லவா? லாக்கை மாற்றினால் அந்தக் கணக்கும் மாறும். ஆகவே லாக் கையில் வரும் முன் கட்டையின் பின்பக்கத்தை வெட்டிவிடாதீர்கள். இரட்டை விசை (ஒன்று தயார்படுத்த, மற்றது லேசாகத் தொட்டுச் சுட) போடுவதாக இருந்தால் லாக்கின் உள்ளே ஃபிளை என்ற பொடித்துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத லாக்கில் இரட்டை விசை தட்டிவிட்ட சியர் டம்ளரில் காக்கைப் பாதித் தூக்கத்தில் நிறுத்தி வைக்கும் வெட்டில் போய் மாட்டிக்கொள்ளும்.

இனி அந்தப் பொறி விஷயம். பெரிய லாக் நிறையப் பொறி தரும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெரிய சைலரில் முக்கால் அங்குல அகலக் கல் போகும், சிறியதில் 5/8. அகலமான கல் அதிக எஃகைச் சுரண்டும், அதிக நாள் உழைக்கும். இங்கிலாந்தின் பிராண்டன் ஊரில் உடைத்த கறுப்புக் கல்லோ பிரான்சின் தேன்நிறக் கல்லோ எதுவானாலும் இது பொருந்தும். அதைத் தாண்டி லாக் பற்றவைக்குமா இல்லையா என்பதை அளவு தீர்மானிப்பதில்லை. ஃபிரிசன் சரியாகக் கடினப்படுத்தப்பட்டிருக்கிறதா, மெயின் ஸ்பிரிங்குக்கும் ஃபிரிசன் ஸ்பிரிங்குக்கும் பலம் ஒத்துப்போகிறதா, கல் ஃபிரிசனின் மேல் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே பட்டுக் கீழே உரசி வந்து கிண்ணத்தைப் பார்த்து நிற்கிறதா, இவைதான் தீர்மானிக்கின்றன. நன்றாகச் சரிசெய்த சிறிய லாக் அலட்சியமாக முடித்த பெரிய லாக்கைத் தோற்கடிக்கும். பெரிய லாக்கின் கனமான காக் வேகமாக விழுந்து நிற்கும்போது இலேசான ரைஃபிள் குலுங்கும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. உங்கள் நண்பரின் அறிவுரை கனமான துப்பாக்கிக்குக் குற்றமில்லாதது. ஒல்லித் துப்பாக்கிக்கு அது பொருந்தாது.

டிக்கர்ட் கதைக்கு வருகிறேன். அவர் ஜெர்மனியின் மைன்ஸில் 1740இல் பிறந்து சிறுவயதிலேயே பென்சில்வேனியா வந்தவர், லான்காஸ்டரில் நெடுங்காலம் பட்டறை நடத்தி 1822இல் இறந்தார். அவரும் அவர் காலத்தவரும் பயன்படுத்திய குழல்கள் உங்களுடையதைப் போல நேர் பருமன் உள்ளவை அல்ல. அடிப்பக்கம் தடித்து, நடுவே போகப் போக மெலிந்து, வாய்ப்பக்கம் மறுபடி சற்று விரியும். அடிப்பக்கம் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும், இடுப்பு அதைவிட நன்றாக மெலிந்திருக்கும். அடியில் பெரிய லாக்குக்கு இடம் கிடைக்கிறது, நடுவில் கை சுமக்கும் பாரமும் குறைகிறது. நேர்குழலில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. லாக்குகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவை. முற்காலத்தில் ஜெர்மன் வகையும் ஆங்கில வகையும், நூற்றாண்டின் இறுதியில் பர்மிங்காமின் கெட்லாண்டு பெயர் பொறித்தவை ஏராளம். உள்ளூரில் அடித்துச் செய்ததும் உண்டு, பழைய துப்பாக்கியிலிருந்து கழற்றிப் போட்டதும் உண்டு. ஆகவே "இந்தப் பாணிக்கு இந்த லாக் மட்டும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் முழுதாக நம்ப வேண்டாம். பொதுப்போக்கு மட்டும் உண்மை: 1760களின் ரைஃபிள்களில் லாக் பெரியது, பின்கட்டை அகலம், பிடிக்கழுத்து தடி. 1800க்குப் பிறகு எல்லாமே மெலிகிறது, லாக்கும் சேர்ந்து.

இன்று நாம் சைலர் என்பது பட் சைலர் வடிவமைத்தது, இப்போது ஜிம் சேம்பர்ஸ் நிறுவனம் தருகிறது. அதன் முகம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஜெர்மன் லாக்கின் முகம். பெரியது, தட்டு ஐந்தங்குலத்தைத் தாண்டும். அதனால்தான் லான்காஸ்டர் வகைக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது, ஓர் அங்குல அடிப்பக்கம் இருந்தால். சிறியது அதே முகத்தைச் சுருக்கியது, ஐந்தங்குலத்துக்குள் அடங்கும்.

உங்களுக்கு முன்னால் இரண்டு வழி. டிக்கர்ட் மாதிரிதான் வேண்டும் என்றால் இந்தக் குழலை ஓரமாக வையுங்கள். B எடை (குழலின் பருமனைக் குறிக்கும் வகைப் பெயர்) என்று விற்கும் இடுப்பு மெலிந்த குழலைப் பாருங்கள், அடிப்பக்கம் பெரும்பாலும் ஓர் அங்குலம் அளவில் இருக்கும். .45 அல்லது .50 எடுத்தால் பெரிய சைலர் கச்சிதமாக உட்காரும். மேப்பிள் கட்டையை வீணாக்க வேண்டியதில்லை, குழலுக்கான பள்ளம் இன்னும் வெட்டவில்லையே. இந்தக் குழலைத்தான் பயன்படுத்துவேன் என்றால் பாணியை மாற்றுங்கள். 1810, 1820களின் ஒல்லி ரைஃபிளோ, டென்னசி, வட கரோலினா மலைப்பக்கத்துத் தெற்கத்தி ரைஃபிளோ இதற்குப் பொருத்தம். பித்தளைக்குப் பதில் இரும்புப் பாகங்கள், அலங்காரம் குறைவு, பிற்கால ஆங்கில வகைச் சிறிய லாக். கிப்ளர் நிறுவனம் விற்கும் தெற்கத்தி மலை ரைஃபிள் கிட்டின் (நாமே பூட்டிச் செய்யும் பாகத் தொகுப்பின்) படத்தைப் பாருங்கள், லாக் எவ்வளவு சிறியது, கழுத்து எவ்வளவு மெலிந்து ஓடுகிறது என்று தெரியும். என்னைக் கேட்டால் முதல் துப்பாக்கிக்கு இரண்டாவது வழிதான். செதுக்கு வேலை குறைவு, .40க்கு மருந்தும் ஈயமும் கொஞ்சம்தான் செலவாகும்.

நடுவில் ஒரு வழி தேடாதீர்கள். பெரிய லாக்கின் தட்டை அராவிச் சிறிதாக்குவது அதில் ஒன்று. விளிம்பில் கொஞ்சம் அராவலாம், பழையவர்களும் செய்தார்கள். ஆனால் உள்ளே ஸ்பிரிங் நிற்கும் இடம் மாறாது, திணிகோல் சண்டை அப்படியே இருக்கும்.

லாக் வந்ததும் அதைத் தாளில் வைத்து வெளிக்கோடும் உள்கோடும் வரையுங்கள், ஸ்பிரிங்கின் அகலத்தைக் காலிப்பர் என்ற அளவுக் கருவியால் அளந்து குறுக்கு வெட்டுப் படத்தில் சேருங்கள். அப்புறம் குழலைக் கட்டையில் பதியுங்கள், திணிகோல் துளையைப் போடுங்கள். துளை நினைத்த இடத்தில்தான் போயிருக்கிறதா என்று அளந்த பிறகே லாக்குக்குக் குடையுங்கள். நீளத் துளைப்பான் மரத்தின் நாரோடு விலகிப் போவது சாதாரணம். லாக் பக்கமாக 1/16 அங்குலம் விலகியிருந்தால், உங்கள் 7/32இல் அதுவே கால்பங்குக்கு மேல். லாக் முழுதாக உட்கார்ந்து, போல்ஸ்டர் குழலோடு வெளிச்சம் தெரியாமல் ஒட்டிய பிறகு, கிண்ணத்தைப் பார்த்துப் பற்றுத்துளையைக் கடைசியில் போடுங்கள்.